கிரீம் கேக்கா, பிரவுனியா, ஏத்தம்பழக் கேக்கா? விருந்துக்குக் கொண்டுபோக எது நல்லது

வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில், வேலை திருவனந்தபுரத்தில். அதனால் நண்பர்களில் பாதிப் பேர் எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்தான். பிறந்தநாள், புது வீட்டில் பால் காய்ச்சு, ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை, யாராவது வேலை மாறிப் போனால் அதற்கு ஒன்று என்று மாதத்துக்கு ஒரு விருந்தாவது வந்துவிடும். வெறுங்கையோடு போக எனக்கு மனசு வராது. ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு வாங்கிய இந்த நாலு வருடத்தில் கிரீம் கேக், பிரவுனி, வெண்ணெய் பிஸ்கட், பிளம் கேக், ஏத்தம்பழக் கேக் என்று ஐந்தையும் செய்து சுமந்துகொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். இப்போது கருப்பட்டி போட்ட ஏத்தம்பழக் கேக்கில் வந்து நின்றிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரம் என்று சொல்வதைத்தான் நாங்கள் ஏத்தம்பழம் என்கிறோம்.

ருசியில் போட்டி வைக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் ஐந்தும் நன்றாகத்தான் இருக்கும். செலவில் பிரவுனி மட்டும் சாக்லேட்டினால் கொஞ்சம் ஏறும், மற்றவை அக்கம்பக்கம்தான். நான் இப்போது பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை: அடுப்பிலிருந்து இறங்கியது முதல் கடைசித் துண்டு தீரும்வரை அந்தப் பண்டத்துக்குப் பிரிட்ஜ் வேண்டுமா, வேண்டாமா? விருந்து நடக்கும் வீட்டில் பிரிட்ஜ் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாயசத்துக்கான பால், தயிர்ப் பச்சடி, ஜூஸ் பாட்டில்கள், முந்தின நாளே அரைத்து வைத்த மசாலா, கடையில் சொல்லி வாங்கிய கேக் பெட்டி. அதற்குள் நாமும் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் நீட்டினால், வீட்டுக்காரர் வேறு எதையாவது வெளியே எடுத்துத்தான் இடம் செய்ய வேண்டும்.

கிரீம் கேக்கில்தான் நான் ஆரம்பித்தேன். எல்லாரும் ஆசைப்படுவதும் அதுதான், பார்க்கவும் அழகு. ஒரு மே மாதம், தோழியின் மகளுக்கு முதல் பிறந்தநாள். விடியற்காலை எழுந்து கிரீம் அடித்துப் பூசி, பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் பாலராமபுரத்தில் வண்டி நின்றால் நின்றதுதான். வெண்ணெய் 32 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், குழைவது அதற்கும் முன்னால். மே மாதத்தில் நின்றுபோன பஸ்ஸுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பால் கிரீமோ வெண்ணெய் அளவுக்குக் கூடத் தாங்காது, குளிர் போனதும் அதில் அடித்து ஏற்றிய காற்றும் இறங்கிவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது மேல் அடுக்கு ஒரு பக்கமாக வழுக்கி, ரோஜாப் பூ மாதிரி பிழிந்தது எல்லாம் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதைவிடக் கஷ்டமாக இருந்தது அடுத்தது. பிரிட்ஜில் இடம் பண்ண அவள் பாயசப் பாத்திரத்தை வெளியே எடுத்தாள், மதியத்துக்குள் அந்தப் பால் திரிந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தாவர எண்ணெயில் செய்த விப்பிங் கிரீம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும், உண்மைதான். ஆனால் அதுவும் குளிரில் இருக்க வேண்டிய பொருள். பக்கத்துத் தெருவில் விருந்து, கேக்கே உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள் என்றால் தாராளமாகக் கிரீம் கேக் செய்யுங்கள். பிறந்தநாள் வீட்டில் ஏற்கெனவே வெட்ட ஒரு கேக் இருக்கும்போது நாம் இன்னொரு அலங்காரக் கேக்கோடு போய் நிற்பது சரியாக வராது.

பிரவுனியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எட்டங்குலச் சதுரத் தட்டில் ஊற்றினால் பதினாறு துண்டு, கிரீம் வேலை கிடையாது, ஒரு கிண்ணம் போதும். சின்னப் பிள்ளைகள் அதிகம் வரும் விருந்து என்றால் நானே இன்றைக்கும் பிரவுனிதான் செய்வேன். ஆனால் நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் இளகிவிடும். வெயில் நாளில் டப்பாவைத் திறந்தால் மேலே எண்ணெய்ப் பசை மின்னும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்து எடுத்தால் பாதி கையில் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் வெண்ணெய்த்தாள் வைத்தால் சமாளிக்கலாம். கோகோ தூளும் எண்ணெயும் மட்டும் போட்டுச் செய்கிற வகை வெயிலைத் தாங்கும் என்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை செய்தேன், அதுவும் மழை நாளில், அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பிஸ்கட்டுக்கு வெயில் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் டப்பாவைத் திறந்து வைத்த அரை மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும். அப்புறம், எங்கள் எல்லைப் பக்கத்து பேக்கரிகளில் வெண்ணெய் பிஸ்கட் அவ்வளவு நன்றாகக் கிடைக்கும்போது, வீட்டில் செய்தது என்று தனியாகத் தெரியவும் தெரியாது.

பிளம் கேக் வாரக்கணக்கில் கெடாது. கேரளத்துக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் அதன்மேல் தனி உரிமையே உண்டு. தலசேரியில் பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாபு 1883இல் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் பழங்களை ஒரு மாதம் முன்பே ஊறப் போட வேண்டும், விருந்துக்கு அழைப்பு வருவது நாலு நாள் முன்னால். டிசம்பரிலோ எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே மூன்று பிளம் கேக் இருக்கும். நான் இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் இதோடு விடுகிறேன்.

இப்போது ஏத்தம்பழம். பிரிட்ஜ் வேண்டுமா என்ற கேள்விக்கு இது எல்லா மாதத்திலும் வேண்டாம் என்றே பதில் சொல்கிறது. இதில் வெண்ணெய் இல்லை, எண்ணெய்தான், எனவே உருகி வழிய ஒன்றும் இல்லை. யாராவது ஆர்வக்கோளாறில் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாலும் வெண்ணெய் கேக் மாதிரி விறைக்காது. தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது, அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நான் சூரியகாந்தி எண்ணெய்தான் ஊற்றுகிறேன். பழமும் கருப்பட்டியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரண்டாம் நாள்தான் இந்தக் கேக் உண்மையில் நன்றாக இருக்கும். மேல் ஓடு இளகி, கருப்பட்டி வாசம் உள்ளே எல்லாம் பரவியிருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! வெள்ளிக்கிழமை ராத்திரி சுட்டு வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை தூங்கி எழுந்து குளித்துக் கிளம்பலாம்.

பழம் நன்றாகக் கறுக்க வேண்டும். தோல் கறுக்கக் கறுக்க உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மா முன்பெல்லாம், "கறுத்துப் போச்சு, தூரப் போடு மக்களே" என்பார்கள். இப்போது எனக்காகவே இரண்டு பழத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். ஏத்தம்பழம் கெட்டியானது, ரோபஸ்டா மாதிரி கரண்டியால் மசித்தால் மசியாது. புட்டுக்கு அவிப்பது போலத் தோலோடு பத்து நிமிடம் ஆவியில் வைத்து, உரித்து, நடுவில் இருக்கும் கறுப்பு விதை நாரை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டு மசியுங்கள். அந்த நாரை விட்டுவிட்டால் துண்டு போடும்போது பூச்சி மாதிரித் தெரியும். ரோபஸ்டாவில் தண்ணீர் அதிகம், எனக்கு இரண்டு தடவை நடுப்பகுதி அமுங்கிவிட்டது. மட்டிப்பழத்தின் மணம் வேறு எதற்கும் வராது, 2023இல் புவிசார் குறியீடே கிடைத்த பழம், ஆனால் அதை அப்படியே தின்பதுதான் அதற்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

என் அளவு இது. மசித்த பழம் 300 கிராம், கருப்பட்டி 200 கிராம், மைதா 200 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை இரண்டு, புளித்த தயிர் மூன்று மேசைக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கிராம்பு மூன்று, சுக்கு ஒரு துண்டு, இரண்டையும் பொடித்துக்கொள்ள வேண்டும். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு கிடைத்தால் இரண்டே போதும், அவ்வளவு காரம். கருப்பட்டியைக் கால் கப் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டாமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அடியில் மண் நிற்கும். தயிரை விட்டுவிடாதீர்கள். சோடா பொங்கப் புளிப்பு வேண்டும், பதனீரோ புளிக்காமல் இருப்பதற்காகச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது, அதனால் அந்தப் புளிப்பைக் கருப்பட்டியிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. 170 டிகிரியில் ஐம்பது நிமிடம். கருப்பட்டியால் மேலே சீக்கிரம் கறுக்கும், முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு அலுமினியத் தாளை மேலே போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சூடு முழுக்க ஆறாமல் பொதியக் கூடாது. உள்ளே ஆவி வேர்த்து, மேல்பக்கம் பிசுபிசுத்து, எங்கள் ஈரக் காற்றில் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். ஆற இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஆறினபின் வெண்ணெய்த்தாளில் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில் வைத்துப் பஸ்ஸில் காலடியில் போட்டாலும் அசையாது. வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோங்கள், அங்கே போய் வெட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு துண்டு வரும், தட்டுகூட வேண்டாம், டிஷ்யூ தாள் போதும்.

திருவனந்தபுரத்து நண்பர்கள் முதல் கடியிலேயே உண்ணியப்பம் என்றார்கள். பழம், வெல்லம், நெய் வாசம் என்று அவர்களுக்குப் பழகின ருசி அது. நெய்யே இல்லாத கேக்கில் அந்த நினைப்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. ஒரு தோழியின் அம்மா, "இதில் சக்கரையா மோளே, கருப்பட்டியா?" என்று கேட்டு, கருப்பட்டி என்றதும் இரண்டு துண்டைத் தனியாகத் தாளில் பொதிந்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

முட்டை விஷயம்தான் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கரமனையில் அக்ரகாரத்து வீடு ஒன்றுக்கு முட்டை இல்லாமல் செய்ய வேண்டி வந்தது. முட்டைக்குப் பதில் தயிரை அரை கப் ஆக்கினேன். ருசியில் குறையில்லை, மாமியும் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். ஆனால் வெட்டும்போது ஓரம் உதிர்ந்தது. இதுவரை மூன்று தடவைதான் அப்படிச் செய்திருக்கிறேன், மூன்றாவதில் மெல்லிய துண்டுக்குப் பதில் கட்டைவிரல் தடிமனில் வெட்டியபோது உதிரல் நன்றாகக் குறைந்தது. அடுத்த மாதம் அதே வீட்டில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி இருக்கிறது. அதற்கு இரண்டு கேக் கேட்டிருக்கிறார்கள், பழம் நாளைக்கே வாங்கிக் கறுக்கப் போட்டு ஒன்று செய்து பார்க்கப் போகிறேன்.