அத்தையின் மாத்திரை டப்பா

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு மொரிஷியஸ் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. என் அத்தை வாக்கப்பட்ட ஊர் பழவேற்காடு ஏரிக்குள், ஆந்திர எல்லையில் இருக்கும் ஒரு தீவு. வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டில் எழுத்து தெலுங்கு. முன்பு நெல்லூர் மாவட்டம். 2022இலிருந்து திருப்பதி மாவட்டம். எந்த மாவட்டமானாலும் தடா பக்கம் போய்ப் படகு ஏறித்தான் ஆக வேண்டும்.

அத்தைக்கு 58 வயது. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை, நாலு வருஷமாக பிரஷர். நான் போன மறுநாள் காலையில் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். பட்டாணி அகலம்தான். ஓரம் வெள்ளையாகத் தடித்து, நடுவில் ஈரமாக இருந்தது.

"எப்ப குத்துச்சு அத்தை?"

"தெரியலியே கண்ணு. இறால் தடவப் போனப்ப கிளிஞ்சல் கீறியிருக்கும். வலி கிலி ஒண்ணும் இல்ல, அதான் உட்டுட்டேன்."

வலி இல்லை என்று அவள் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சர்க்கரை நரம்பைக் கெடுத்து, கால் மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் உள்ளே போகும், எலும்பைத் தொடும், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறவள் அவள். கரையில் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருஷமாகக் காட்டி வருகிறாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட "காலைக் காட்டும்மா" என்று கேட்டதில்லையாம். அரை நிமிஷ வேலை அது. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாத்திரையை எடுத்து வரச் சொன்னேன். பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். கத்தரிக்கோலால் நறுக்கிய அட்டைத் துண்டுகள். பாதிக்கு மேல் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. "பெருசு சக்கரைக்கு, சின்னது பிரஷருக்கு" என்று கணக்கு வைத்திருக்கிறாள். ஒரு மூலையில் பாதியாக உடைத்த மாத்திரைகள். ஏன் உடைத்தாய் என்று கேட்டேன். "ஐப்பசி கார்த்திகையில காத்து அடிச்சா படகு உடமாட்டாங்க. தீந்துபோச்சுன்னா ஏது? பாதி பாதியா போட்டுக்குவேன்" என்றாள். முப்பது நாளுக்கு முப்பது மாத்திரை என்பது பஸ் ஓடுகிற ஊருக்குச் சரி. படகை நம்பி இருக்கிறவர்களுக்கு அது போதவே போதாது.

அதே படகில் என்ன வந்து இறங்குகிறது என்று நாலு நாள் பார்த்தேன். மைதா, பாமாயில், சிப்ஸ் பாக்கெட் சரம், கலர் பாட்டில் கிரேட்டுகள். போகும்போது ஐஸ் பெட்டியில் நல்ல மீனும் இறாலும் போகிறது. வீட்டில் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு தினமும் இருக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்? நல்லதை விற்றுவிட்டுப் பாக்கெட்டை வாங்கித் தின்னும் இந்தக் கதை பசிபிக் தீவுகளிலும் உண்டு. சமோவாவில் இறக்குமதியாகும் கொழுத்த வான்கோழி வாலை 2007இல் தடையே செய்தார்கள். உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டும் என்பதற்காகப் பிறகு அந்தத் தடையை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் இருக்கும் மொரிஷியஸும் தீவுதான். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. 1987இல் இங்கே ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து பெரும்பாலும் சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். ஐந்து வருஷத்தில் மக்களின் ரத்தத்தில் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. புத்திமதி மட்டும் சொல்லி வந்த இறக்கமில்லை அது. கப்பலில் வரும் சரக்கையும் மாற்றியதால் வந்தது. சர்க்கரை நோய் மட்டும் அப்படிக் குறையவில்லை. 2013இலிருந்து குளிர்பானத்தில் இருக்கும் சீனியின் அளவுக்கு வரி போடுகிறார்கள். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் வண்டி வேலை செய்யும் இடத்துக்கே வருகிறது. எனக்கு பிரஷர் இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

ஏரியின் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பெரிய அத்தைக்கும் அதே இரண்டு நோய். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் அவள் பெயர் இருக்கிறது. தன்னார்வலப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். அக்காவும் தங்கையும் ஒரே ஏரித் தண்ணீரில்தான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு மாநில எல்லை. ஆந்திரத்திலும் கிராமத்துக்கே டாக்டர் வரும் திட்டம் 2023இல் வந்தது. ஆனால் வண்டி வந்து நிற்கக் கரைதான் இருக்கிறது, அத்தை வீட்டு வாசல் இல்லை.

அத்தையைக் கரைக்குக் கூட்டிப்போய் அரசு மருத்துவமனையில் காட்டினேன். இளம் டாக்டர், தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துப் பார்த்தார். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு "தெரியுதா அம்மா?" என்று பத்து இடத்தில் கேட்டார். ஆறு இடத்தில் அத்தை பதில் சொல்லவில்லை. படகு விஷயத்தைச் சொன்னதும் மூன்று மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார். அட்டையை நறுக்காமல் கொடுங்கள் என்று மருந்து கொடுப்பவரிடம் அவரே சொன்னார். இதைக் கேட்க ஒரு வெளிநாட்டுக்காரன் வந்திருக்க வேண்டியதில்லை. தீவுக்காரர் யார் போனாலும் மூன்று மாத மாத்திரை கையில் கிடைக்க வேண்டும்.

கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் குழம்பு வைக்க மருமகள் ஒத்துக்கொண்டாள். சேற்றில் இறங்க கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். உருவிக்கொள்கிறதாம், கணுக்காலோடு நாடா கட்டிப் பார்க்கிறாளாம். நேற்று மருமகள் போனில் படம் அனுப்பினாள். புண் மிளகளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அடுத்த மாத்திரை வாங்க வேண்டியது சித்திரையில். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.