வண்டலூரா, கிண்டியா, எழும்பூரா: சென்னைக் குடும்பத்துக்கு ஏற்ற ஞாயிறு எது?

மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் ஒரு சென்னை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்ற பேச்சு எழுந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடம்பிடிக்கும் இடமோ, வண்டி ஓட்டுபவருக்கு வசதியான இடமோதான் பெரும்பாலும் முடிவாகிறது. மூட்டுவலியோடு வரும் பாட்டி எவ்வளவு தூரம் நடப்பார், மூன்று வயதுக் குழந்தைக்கு அவசரமென்றால் கழிப்பறை எங்கே இருக்கிறது, விடியற்காலையில் எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிய அம்மாவுக்கு அன்றைக்காவது ஓய்வு உண்டா என்பவையெல்லாம் புறப்பட்ட பிறகே நினைவுக்கு வருகின்றன. நான் இந்த மூன்று கேள்விகளையும் முதலில் வைத்தே இடங்களை ஒப்பிடுகிறேன். அப்படிப் பார்த்தால், எல்லோரும் முதலில் சொல்லும் இடங்கள் சில பின்னுக்குப் போகின்றன. யாரும் அதிகம் சொல்லாத எழும்பூர் அருங்காட்சியகம் முன்னால் வருகிறது.

விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் எதிரெதிரே நிற்கின்றன. வண்டலூரின் பெருமை அதன் பரப்புதான். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் அருகே நெடுங்காலம் இடநெருக்கடியில் இருந்த விலங்குக் காட்சிசாலை, 1985இல் ஏறத்தாழ 500 ஹெக்டேர் காட்டுப்பகுதியில் புதிதாகத் திறக்கப்பட்டது. கம்பிக்கூண்டுக்குப் பதிலாக அகழிக்கு அப்பால் புலி உலவுவதைக் குழந்தை பார்ப்பது, விலங்கின் மீது மரியாதையை வளர்க்கும் காட்சி. ஆனால் விலங்குக்கு நன்மையான அதே பரப்பு வயதானவர்களின் காலுக்குச் சோதனையாகிறது. பேட்டரி வண்டி உண்டு என்றாலும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்கு வரிசையில் நிற்பதே ஒரு வேலை. வெயில் ஏறிய பிறகு சிங்கமும் புலியும் நிழலில் படுத்துவிடுவதால், பதினொரு மணிக்கு உள்ளே நுழைகிற குடும்பம் பெரும்பாலும் தூங்கும் விலங்குகளைத்தான் பார்க்கும். மாலையில் ஊரிலிருந்து திரும்பும் வாகனங்கள் அனைத்தும் ஜி.எஸ்.டி. சாலையில் சேர்ந்துகொள்ள, குழந்தை மடியில் அழுதபடியே வீடு வந்து சேர வேண்டியிருக்கும். வண்டலூர்தான் என்று முடிவு செய்துவிட்டால், செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார ரயிலில், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவதே நல்லது. மார்கழி, தை மாதங்களில், நன்றாக நடக்கக்கூடியவர்கள் மட்டும் போவதற்கு இதைவிடச் சிறந்த இடம் நகரின் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

கிண்டி இதற்கு நேர்மாறானது. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு தேசியப் பூங்காவின் ஓரத்தில், சர்தார் படேல் சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. இங்கே புலி இல்லை, சிங்கம் இல்லை. பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கிண்டிக் காட்டில் இயல்பாக வாழும் வெளிமானைப் பற்றிச் சொல்லிக் கூட்டிச் சென்றால் அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஆணுக்கு முறுக்கிய நீண்ட கொம்பு. முதிர முதிர முதுகு கருத்து, வயிறு மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். பெண்ணுக்குக் கொம்பில்லை, நிறமும் வெளிர்பழுப்பு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்து வரும் ஒவ்வொரு மானையும் உற்றுப் பார்க்கத் தொடங்கும்.

பக்கத்திலேயே, ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளையும் கண்ணாடிக்கு அப்பால் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிவது, மழைக்காலத்தில் வீட்டுவாசல் வரை பாம்பு வரும் புறநகர்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படும் அறிவு. கண்ணாடி விரியனைச் சாதாரண மண்ணுளி என்று எண்ணிக் கையில் எடுக்கும் ஆபத்து உண்மையானது. அந்தப் பாடத்தை ஒரு பிள்ளை கிண்டியில் அரைமணி நேரத்தில் கற்றுவிடும். பாட்டி நிழலில் உட்கார்ந்தபடியே பேரப்பிள்ளைகள் கண்பார்வையில் இருக்க முடியும் என்பதால், சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் கிண்டியையே சொல்வேன். வண்டலூர், கிண்டி இரண்டு பூங்காக்களுக்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைக் கோடை விடுமுறையில் புறப்படுகிறவர்கள் மறக்கக் கூடாது.

கூரைக்குக் கீழே பொழுதைக் கழிக்க வேண்டுமென்றால், போட்டி வணிக வளாகங்களுக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் இடையே. வணிக வளாகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, மின்தூக்கி என்று முதியவர்களுக்குத் தேவையானவை அனைத்தும் அங்கே உண்டு. கத்திரி வெயிலில் அது சிறிய உதவியன்று. ஆனால் வண்டி நிறுத்துவதில் தொடங்கி ஒவ்வொரு அடிக்கும் காசு கேட்கும் இடத்தில், நடுத்தரக் குடும்பத்தின் பெற்றோர் நாள் முழுவதும் "வேண்டாம்" என்று சொல்லியே களைத்துப்போகிறார்கள்.

1851இல் நிறுவப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னைவாசிகள் ஒரு காலத்தில் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். அந்தத் தலைமுறை இரண்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றது; இன்று முதலாவதைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு உரியதாக ஒதுக்கிவிட்டோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையால்தான் பலருக்கு அந்த இடம் அலுத்துப்போகிறது. ஒரு முறைக்கு இரண்டு கூடங்கள் போதும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வெண்கலக் கூடத்துக்குப் போகலாம். திருவெண்காட்டு அர்த்தநாரி சிலைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி, கைகளை எண்ணச் சொல்லுங்கள். சிவனுடைய பாதிக்கு இரண்டு, உமையின் பாதிக்கு ஒன்று என மூன்று வரும். திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால், கோயிலில் பார்த்ததில் எது இங்கே இல்லை என்று கேளுங்கள். சிலையைச் சுற்றிய நெருப்பு வளையமான திருவாசியும் விரிசடையும் இல்லாததைப் பாட்டிதான் முதலில் கண்டுபிடிப்பார். வீட்டிலேயே மூத்தவர் வழிகாட்டியாகிற இடம், நான் இங்கே ஒப்பிடுகிறவற்றில் இது ஒன்றுதான். ஆதிச்சநல்லூர்த் தொல்பொருள்களும் அமராவதிச் சிற்பங்களும் அடுத்த வருகைக்கு இருக்கட்டும். எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்தில் என்பதால் சொந்த வண்டியும் தேவையில்லை. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் ஞாயிறு தாராளமாகப் போகலாம்.

கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்றால், மெரினாவா பெசன்ட் நகரா என்பது முழுக்க மணலின் அகலத்தைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபோது, கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதற்குத் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் அதன் விளைவு. காமராசர் சாலையிலிருந்து அலை வரை அந்த மணலில் கால் புதையப் புதைய நடப்பது முழங்கால் வலி உள்ளவருக்குப் பெரும்பாடு. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக 2022இல் அமைத்த மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து பிறகு சீர்செய்யப்பட்டது. பாட்டியை அலையருகே அழைத்துப்போக அதுவே சிறந்த வழி. பெசன்ட் நகரிலோ மணல் குறுகலானது, சாலையோரச் சுவரில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் இரண்டு இடத்திலும் கிடைக்கும். சுவையில் நான் மெரினா பக்கம்.

கடலில் இறங்குவதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு பார்க்கவே கூடாது. 1930இல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் உயிரிழந்த டென்மார்க்குக்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் பெசன்ட் நகர் மணலில் நிற்கிறது. நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துச் செல்லும் நீரோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. கணுக்கால் நனைந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே பேசிவிட்டுப் புறப்பட வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு மாலைக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்தபடியே நிற்பதைவிட, விடியும்போது பெசன்ட் நகருக்குப் போவதையே நான் விரும்புவேன். வழியில் ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்; அம்மாவும் அன்று காலை அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.