வடிகாலுக்குள் எங்களோடு வரும் நாலு வாயு மீட்டர்

நண்பர்கள் மூன்று பேரோடு, அனுமதி வாங்கிக்கொண்டு மழைநீர் வடிகால்களுக்குள் நடப்பது எனக்கு உயிர். ஒரு வருஷமாகச் சட்டையில் மாட்டும் இந்த மீட்டர் இல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பற்றும் வாயு நாலையும் அளக்கும்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இறங்கினால் அலறும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மைத் (காற்றின் பத்து லட்சம் பங்கில் பத்து பங்கு) தொட்டாலும் அலறும். "அழுகின முட்டை நாத்தம் வந்தா தெரியாதாடா?" என்று கேட்டான் ஒருத்தன். 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் வாயுவும் போய்விட்டதென்று நினைத்து முன்னேறிவிடுவோம். அதுதான் எனக்குப் பயம்.

ஒருமுறை இலைச்சேறு மண்டிய வளைவில் அவன் காலை வைத்துக் கிளறியதும் திரையில் ஹைட்ரஜன் சல்பைடு 12. மீட்டர் அதிர்ந்த வேகத்தில் நாலு பேரும் வந்த வழியே திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து அவனும் கேட்பதில்லை. இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் கீழே இறங்கும் இடங்களில் மீட்டரை முதலில் கயிற்றில் விட்டுப் பார்க்கிறோம்.

குறைகள் உண்டு. எழுத்து பொடி, ஈரத்தில் திரை மங்குகிறது. ஒவ்வொரு தடவையும் சோதனை வாயு காட்டிச் சரிபார்க்க வேண்டும், அது தனிச் செலவு. மீட்டரின் தொடக்க அளவைச் சரிசெய்யும் சுழியாக்கலை வெளிக்காற்றில்தான் செய்யணும், உள்ளே போய்ச் செய்தால் அளவே தப்பாகும்.

மேல்பக்கம் பெய்யும் மழையை இது சொல்லாது. வானம் கருத்திருந்தால் மீட்டர் பையிலேயே இருக்கும், நாங்கள் இறங்க மாட்டோம்.