விட்ட நாளுக்கும் சேர்த்துக் கொடுத்த லைட்

கிருஷ்ணகிரியில் சொரியாசிஸுக்கு லைட் ட்ரீட்மென்ட் எடுக்க நினைப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு முழங்கை, முழங்கால், முதுகு என்று 9 வருஷமாக இருக்கிறது. சட்டையை உதறினால் செதில் கொட்டும். முடிவெட்டும் கடையில் என் தலைக்கென்று தனி சீப்பு. (இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?) போன சித்திரையில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். 30 சிட்டிங், மொத்தமாகக் கட்டினால் 15,000 ரூபாய், "வேரோடு போயிடும்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். சொரியாசிஸ் அடங்கும், மாதக்கணக்கில் தலைகாட்டாமல்கூட இருக்கும். வேரோடு போகாது.

லைட் மேல் குற்றம் சொல்லவில்லை. 311 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் நேரோபேண்ட் யுவிபி என்கிற புற ஊதாக் கதிர், தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுவதை மட்டுப்படுத்தும். வாரத்துக்கு 2, 3 முறை நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிஷத்தில் ஆரம்பித்து, ஒன்பதாவது சிட்டிங்கில் 3 நிமிஷம் வந்தபோது முழங்கைத் திட்டு மெலிந்திருந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. கண்ணுக்கு ஒரே ஒரு கருப்புக் கண்ணாடி, எலாஸ்டிக் போனது. கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் மாம்பழ சீசன். நான் வேலை பார்ப்பது மாங்கூழ் ஃபேக்டரியில், இரவு ஷிப்ட். 17 நாள் போக முடியவில்லை. திரும்பப் போனபோது மெஷினை இயக்கும் பெண், "விட்ட நாளுக்கும் சேர்த்துக் கூட்டி வெச்சிருக்கேண்ணா" என்றது. நாலரை நிமிஷம். நிற்கும்போது வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சூடு வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது ராத்திரி 11 மணிக்கு, ஷிப்டில். விடியும்போது முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. மனைவி தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தாள். கொப்புளம்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நோட்டு எங்கே?" ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொடுத்தார்கள், மறுநாள் சிவந்ததா என்று எழுதி, அதைப் பார்த்துத்தான் அடுத்த அளவைக் கூட்ட வேண்டுமாம். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் குறைக்க வேண்டும், கூட்டவே கூடாது. தீக்காயம் உடனே தெரியாது, எரிச்சல் பல மணி நேரம் கழித்துத்தான் ஏறும். ஆண்களுக்குப் பிறப்புறுப்பை மூடியே நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் சொன்னார்: காயம்பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பும். அப்படியே ஆயிற்று. இதுவரை சுத்தமாக இருந்த தோள்பட்டையில் இப்போது மூன்று திட்டு.

மீதிப் பணத்தைக் கேட்டால், "நீங்கதானே சார் லீவு போட்டீங்க" என்கிறார்கள். சரி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷம் அவகாசம் இருக்கிறது என்று ரசீதைத் தேடி எடுத்தேன். 'முக அழகு பேக்கேஜ் – 15,000' என்று எழுதியிருந்தது. என் முகத்தில் ஒரு செதில்கூடக் கிடையாது.