வென்றவர் கையில் எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்க வழியும் சுவிஸ் வழியும்

தேர்தலில் தோற்றால் பிள்ளையின் பாடப்புத்தகம் முதல் மருத்துவமனை வரை எல்லாமே எதிராளி கைக்குப் போய்விடும் என்று இரண்டு தரப்பும் பயந்தால், பகை எப்படித் தணியும்? தலைநகரின் அதிகாரத்தைக் குறைத்தால் பயமும் குறையும் என்பது அமெரிக்காவில் பழைய வாதம். மத்திய அரசுக்கு எழுதித் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791-இலேயே அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1847 நவம்பரில் ஏழு கத்தோலிக்க கேன்டன்களின் (அந்நாட்டு மாநிலங்களின்) கூட்டணியை எதிர்த்து மற்ற கேன்டன்களில் பெரும்பாலானவை போரிட்டன. அந்தச் சூடு ஆறும் முன்பே, 1848-இல் அரசியலமைப்பை எழுதினார்கள். அங்கும் மிச்ச அதிகாரம் கேன்டன்களுக்கே.

ஏட்டில் இரண்டும் ஒன்றுதான். கீழே இறங்கிய அதிகாரம் யார் கையில் சேர்கிறது என்பதில்தான் வழி பிரிகிறது.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு விஷயத்தை மாநிலங்களிடம் விட்டது. வாதத்தின்படி நாடு கொஞ்சம் அமைதியாகியிருக்க வேண்டும். ஆனால் சண்டை மாநிலத் தலைநகரங்களுக்குக் குடிபெயர்ந்தது. 2023-இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஒரு இடத்துக்கு நடந்த தேர்தல்தான், அதுவரை அந்த நாட்டில் நடந்த நீதிபதி தேர்தல்களிலேயே அதிகம் செலவானது. மாநிலத்துக்குள்ளும் ஜெயித்தவருக்கே எல்லாம் என்றால் பயம் எங்கே குறையும்?

சுவிஸ் ஏற்பாட்டில் ஜெயித்தவர் என்றே ஒருவரைக் காட்டுவது கஷ்டம். மத்திய ஆட்சிக் குழுவில் ஏழே பேர்; 1959 முதல் பெரிய கட்சிகள் அந்த இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதிபர் பதவி ஆண்டுதோறும் கைமாறும். நாடாளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையா, 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்தால் நாடே வாக்களித்து முடிவு செய்யும். எனக்கு மிகவும் பிடித்தது வரி விஷயம். மத்திய அரசு வருமான வரி வாங்கும் அதிகாரத்துக்கே காலக்கெடு உண்டு. 2018-இல் மக்கள் வாக்களித்து 2035 வரை நீட்டித்தார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும். இதை வைத்துச் சின்ன அரசு என்று நினைத்துவிட வேண்டாம்: மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம், ஆண்களுக்கு ராணுவச் சேவையும் கட்டாயம்.

சரி, கீழே விட்டால் எல்லாம் நல்லபடி நடக்குமா? நடக்காது. ஆப்பென்செல் இன்னரோடன் கேன்டனில் பெண்களுக்கு உள்ளூர் வாக்குரிமை 1990-இல்தான் வந்தது, அதுவும் மத்திய நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. 1957-இல் அர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதை மாநில அரசு தடுத்ததால், அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அடிப்படை உரிமையைக் காக்கும் வேலையை மட்டும் மத்தியிலிருந்து பிடுங்கக் கூடாது. அதில் நான் இரண்டு வழிக்காரர்களோடும் சண்டை போடுவேன்.

மற்றதில் என் வாக்கு சுவிஸ் வழிக்கே. அமெரிக்காவுக்கு அது ஒத்துவராது என்பவர்கள் கேன்சஸைப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கும் திருத்தத்தை மக்களிடமே வாக்குக்கு விட்டார்கள். குடியரசுக் கட்சி வலுவாக உள்ள அந்த மாநிலத்தில் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றத்தின் கீழவையில் அதே குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மையும் கொடுத்தார்கள்.