எச்சில் கொடுத்து வாங்கிய வினை: 'மரபணு டயட்' கிட் வாங்கும் முன் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மரபணுவுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. அந்த உண்மையைக் காட்டித்தான் என்னை ஏமாற்றினார்கள்.

வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருந்தது, ஓயாத சோர்வு, ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு. டாக்டரிடம் போகாமல் (இந்தப் புத்தியை என்னவென்று சொல்ல) எச்சிலில் மரபணுவைப் பார்த்து எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று சொல்லும் கிட் ஒன்றை ஆன்லைனில் பார்த்த ஒரு கம்பெனியிடம் வாங்கினேன். இரண்டாவது கிட் பாதி விலை என்றதும், அக்காவுக்கு ஆகட்டும் என்று அதையும் சேர்த்தே வாங்கினேன். சின்னக் குழாயில் கோடு வரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது, அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வறண்ட வாயை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் ஆப்பில் நீளமாக ஒரு கேள்வித்தாள்: வயது, எடை, தூக்கம், உடற்பயிற்சி, எதைச் சாப்பிட்டால் என்ன தொந்தரவு. எல்லாம் எச்சிலிலேயே இருக்கிறது என்றவர்கள் இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள்? அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ரிப்போர்ட் வந்தது, 42 பக்கம், சிவப்பு மஞ்சள் பச்சை என்று ஒரே வண்ணமயம். குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) பற்றிய பக்கத்தில் சிவப்பு, பக்கத்திலேயே எச்எல்ஏ-டிக்யூ2 என்று ஒரு மரபணுப் பெயர். மறுநாளே போன். "மேடம், உங்களுக்கு ரெட் நிறைய இருக்கு. கோதுமையைக் குறைச்சிடுங்க, வாரத்துல ஒரு நாள் சாப்பிட்டா பரவாயில்ல." கூடவே என் மரபணுவுக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி ஒரு வைட்டமின் மாத்திரைப் பெட்டி, மாதாமாதம் வரும்படி. சரி என்றேன். வயிறு கொஞ்சம் அடங்கியது வேறு, நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் இரும்புச்சத்து ஏறவே இல்லை. டாக்டரிடம் போனேன். குளூட்டனால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எழுதினார், முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "கோதுமை கடைசியா எப்போ ஒழுங்கா சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். சீலியாக் இருப்பவர்கள் குளூட்டன் சாப்பிடும்போது உடம்பு தன் திசுவையே எதிர்த்து ஆன்டிபாடி உண்டாக்கும், ரத்தப் பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. சாப்பிடுவதைக் குறைத்தால் ஆன்டிபாடியும் இறங்கிவிடும், குடலில் சதை எடுத்துப் பார்த்தாலும் பாதி ஆறிப்போய்த் தெரியலாம். அதனால் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தவே கூடாது. அந்த மரபணு விஷயமும் அவர் சொல்லித்தான் புரிந்தது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இருக்கும், நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்கு. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்று சொல்லலாம், இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைத்தான் 42 பக்கத்தில் சிவப்பாக அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

மறுபடி ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டேன். அந்த ஆறு வாரத்தைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. பரிசோதனை பாசிட்டிவ், பயாப்சியும் அப்படியே.

ஆக, கம்பெனி சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். சீலியாக் இருப்பவர் குளூட்டனை வாரத்தில் ஒரு நாள் இல்லை, ஒரு நாளும் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் கணக்குதான் என் குடலை ஆறவிடாமல் வைத்திருந்தது, இரும்பும் ஏறவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: பாலுக்குப் பச்சை போட்டிருந்தார்கள், எனக்கோ பால் குடித்தால் அன்றைக்கு முழுக்க அவஸ்தை. பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதியை வளர்ந்த பிறகும் சுரக்கவைக்கும் மரபணு எழுத்து எனக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நொதி சுரக்கும் குடல் சுவரே புண்ணாகிக் கிடப்பது எச்சிலுக்கு எப்படித் தெரியும்?

கோபம் தாங்காமல் அந்த இரண்டாவது கிட்டை எடுத்தேன். அக்கா பெயர், என் எச்சில், கேள்வித்தாளில் எந்தத் தொந்தரவும் இல்லாத, தினமும் ஓடுகிற ஓர் ஆளின் பதில்கள். ரிப்போர்ட் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குளூட்டன் பக்கத்தில் அதே மரபணு, அதே எழுத்துகள், ஆனால் நிறம் மஞ்சள், 'அளவோடு சாப்பிடலாம்.' காபியிலும் அதே கூத்து: காஃபீனை உடைக்கும் சிவைபி1ஏ2 மரபணு வரி அச்சுப் பிசகாமல் ஒன்று, ஒன்றில் 'தவிர்க்கவும்', மற்றதில் 'தாராளமாக.' அறிவுரையை எழுதியது கேள்வித்தாள், எச்சில் வெறும் அலங்காரம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2006-லேயே அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ இதைச் செய்திருக்கிறது. ஒரு கைக்குழந்தை, 48 வயது ஆண், இந்த இரண்டு பேரின் டிஎன்ஏவை 14 போலி வாடிக்கையாளர்கள் பெயரில் அனுப்பினார்கள், ஒரே டிஎன்ஏவுக்கு விதவிதமான அறிவுரைகள் வந்தன. 2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்பதை மரபணுவை வைத்து முடிவு செய்வதால் எடை இறங்குவதில் வித்தியாசமே இல்லை. பினைல்கீட்டோனூரியா மாதிரி ஒரே மரபணுக் கோளாறால் வரும் நோய்கள் வேறு கதை, அங்கே உணவுக் கட்டுப்பாடு குழந்தையின் மூளையையே காப்பாற்றுகிறது. ஆனால் அதைக் குதிகாலில் எடுத்த சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கிறார்கள், வண்ண ரிப்போர்ட்டில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மாதிரியைப் பரிசோதித்துவிட்டால் பணம் திரும்பாதாம், ரிப்போர்ட் 'தகவலுக்கு மட்டுமே, மருத்துவ ஆலோசனை அல்ல' என்று 41-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். இருந்தது.

ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கி குளூட்டன் சிவப்பு என்று வந்திருந்தால் இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு என்பதால் அக்காவும் அடுத்த வாரம் போகிறாள், வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டுதான். மாத்திரைப் பெட்டி மட்டும் இன்னும் மாதம் பிறந்தால் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆப்பில் அதை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.