ரெம்ப்ராண்ட் வீட்டு மியூசியம், ஆம்ஸ்டர்டாம்: ஓவியத்தை விடத் தொழிலைப் பார்க்க

17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ மாதிரி பெரிய ஓவியங்களைத் தேடி அவர் வாழ்ந்த இந்த வீட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். அது அதே ஊரின் தேசிய மியூசியமான ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. ரெம்ப்ராண்ட் யாரிடம் கற்றார், எப்படி வேலை செய்தார் என்பதற்கு மட்டும் இதைவிட நல்ல இடம் இல்லை.

1639-ல் 13,000 கில்டருக்கு (பழைய டச்சு நாணயம்) தவணையில் வாங்கிய வீடு. 1656-ல் திவாலானபோது அறை அறையாக எடுத்த பொருள் பட்டியலை வைத்துத்தான் உள்ளறைகளைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். நாற்காலி, கட்டிலெல்லாம் அந்தக் காலத்து மாதிரியே தவிர, அவர் புழங்கியவை அல்ல.

குருவான பீட்டர் லாஸ்ட்மனின் ஓவியங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அவரிடம் ரெம்ப்ராண்ட் இருந்தது ஏறக்குறைய ஆறே மாதம். ஆனாலும் பைபிள் கதையைக் கையசைவும் முகபாவமுமாக நாடகம்போல நிறுத்தும் பழக்கம் அங்கே பிடித்ததுதான். லாஸ்ட்மன் இத்தாலி போய்வந்தவர். சீடரோ கடைசிவரை போகவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவை மேல்மாடிச் சேகரிப்பு அறையில் அவர் அடுக்கிவைத்த சிலைகளும், இத்தாலிய அச்சுப்படத் தொகுப்புகளும். முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்தும் இருபதுக்கு மேல் வரைந்திருக்கிறார்.

நேரம் குறைவென்றால் வேறெதை விட்டாலும் எட்சிங் (உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து, பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்சிடும் முறை) செய்முறை விளக்கத்தை விடாதீர்கள். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு, அதன்மேல் ஊசிக் கீறல், பிறகு அமிலம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் விட்டால் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பு கூடும். பூச்சில் விரிசல் விழுந்தால் வேண்டாத இடத்திலும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். தாளை நனைத்துப் பதமாக்காவிட்டால் பள்ளத்து மையை அது இழுக்காது. அமிலமே இல்லாமல் ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறுதான் ரெம்ப்ராண்டின் அச்சுப்படங்களில் தெரியும் வெல்வெட் போன்ற கறுப்புக்குக் காரணம். அழுத்தத்தில் அந்தப் பிசிறு சீக்கிரமே மழுங்கிவிடும். முதல் சில பிரதிகளுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

வண்ணம் அரைக்கும் விளக்கமும் உண்டு; கல்மேல் நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

மரப்படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறவும். இங்கே அவருடைய எட்சிங்குகள் ஏறக்குறைய முழுத் தொகுப்பாகவே இருந்தாலும், வெளிச்சம் பட்டால் தாள் கெடும் என்பதால் மாற்றி மாற்றித்தான் வைக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு படத்துக்காகவே போகிறவர்கள், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுக்கவும்.